க்ராபன்காரனின் மூச்சு

மூளையில் கட்டி என்று சொன்ன பிறகும் ஜெரோலிம் வாயை மூடவில்லை. ஸ்கேன் அறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த ஆளிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு, முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும் இந்த அங்கியைத் தைத்தவன் எந்த ஊர்க்காரன், அவனை இதே அங்கியோடு யூகோ காற்றில் என் படகில் ஒரு நாள் நிற்கவைக்க வேண்டும் என்றார். நர்ஸ் சிரித்துச் சிரித்து ஊசியை இரண்டு தடவை தப்பான இடத்தில் குத்தினாள். அதற்கும் ஒரு பேச்சு பேசினார்.

க்ராபன் தீவில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது, அது இல்லாமல் இருக்க முடிந்தவரும் கிடையாது. குளிர்காலம் போனதும் கடல் பஞ்சு எடுக்க முங்குவார். கோடையில் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கதை சொல்வார். பஞ்சைவிடக் கதைதான் நன்றாக விலைபோனது. ஜூலையில் அப்படிக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பாதி வாக்கியத்தில் நாக்கு இழுத்துக்கொண்டது. வலிப்பு வந்து படகிலேயே விழுந்தார். அன்று படகில் இருந்த ஆஸ்திரியாக்காரர்கள் அதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்களாம்.

கட்டி இடது பக்கம், பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் பேச்சு மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய வேலை வின்காவுடையது. கரை ஊர் மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைக் கணக்குப் போட்டுப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் க்ராபன்காரிதான், ஜெரோலிமின் சித்தப்பா மகள். இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவள் கேட்டதற்கு, வேறு யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள்.

"இந்த மெஷின் மனுஷன் நினைக்கறதை எல்லாம் பார்த்துடுமாமே, அப்படியா?" என்று ஜெரோலிமின் மனைவி பெரினா கேட்டாள். அவள் கொண்டுவந்த கூடையில் அத்திப்பழமும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் இருந்தன. நோயாளிக்கு இல்லை, மருத்துவமனைக்காரர்களுக்கு.

"பார்த்துட்டா எனக்கு விவாகரத்துதான்," என்றார் ஜெரோலிம்.

"நினைப்பை எல்லாம் அது பார்க்காது அண்ணி. ரத்தத்தைத்தான் பார்க்கும்," என்றாள் வின்கா. "மூளையில ஒரு இடம் வேலை செஞ்சா, அங்கே இருக்கற ரத்தக் குழாய் விரிஞ்சு ரத்தம் கூடுதலா ஓடும். அதைத்தான் இது பிடிக்குது. புகையைப் பார்த்து எந்த வீட்டுல அடுப்பு எரியுதுன்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி."

ஜெரோலிம் கொஞ்சம் யோசித்தார். "புகைபோக்கி அடைச்சிருந்தா?"

வின்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு அரை நாள் பிடிக்கும். "அதுதான் அண்ணா என் பயமும். கட்டிக்குப் பக்கத்துல இருக்கற குழாய் சில சமயம் விறைச்சுப்போயிடும். உள்ளே அடுப்பு எரியும், வெளியே புகை வராது. நாங்க வீட்டுல ஆளில்லைன்னு நினைச்சுக்குவோம்."

"நினைச்சுக்கிட்டு?"

"இடிச்சுடுவோம்."

"நல்ல ஊருப்பா இது," என்று சொல்லிவிட்டு அவர் மெஷினுக்குள் போனார்.

முதல் படம் அன்று மதியமே வந்தது. 'க'வில் தொடங்கும் சொற்களை மனதுக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். யாருக்கும் இடது பக்கம் வெளிச்சமாக வரவேண்டும். ஜெரோலிமுக்கு இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் ஜகஜ்ஜோதி. அறுவைசிகிச்சை நிபுணர் லோவ்ரே அதைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானார்.

"பேச்சு வீடு மாறிடுச்சு," என்றார். "ஆளு இடதுகைப் பழக்கம் வேற, அவங்கள்ல சில பேருக்குப் பேச்சு வலது பக்கம் இருக்கறது உண்டு. கட்டி மெதுவா வளர்ந்திருக்கு, மூளை நாசூக்கா மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. இனி எனக்கு என்ன பயம்? மயக்கம் கொடுத்துப் படுக்கப்போட்டு எடுத்துடறேன்."

வின்கா விரும்பியது வேறு. நோயாளியை விழிப்பிலேயே வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அறுக்கிற முறை ஒன்று உண்டு. பேச்சு குழறினால் கத்தி நின்றுவிடும். ஆனால் அதற்குத் தலைநகரிலிருந்து ஆட்கள் வரவேண்டும். மாதா திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் நடுவில் இந்த நாட்டில் ஒரு ஈ காக்கைகூட வேலைக்கு வராது. லோவ்ரேயே தன் படகுக்கு வண்ணம் அடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ப்ரொஃபசர், இருட்டா இருக்குன்னா அங்கே வேலை நடக்கலைன்னு அர்த்தமில்லை," என்றாள் வின்கா. "குழாய் விரியலைன்னுகூட இருக்கலாம். மூச்சுச் சோதனை ஒண்ணு பண்ணிடறேன். கொஞ்ச நேரம் மூச்சை அடக்கினா கரியமில வாயு சேர்ந்து மூளையில இருக்கற எல்லாக் குழாயும் விரியும். இடது பக்கமும் விரிஞ்சா, நீங்க சொல்றது சரி. மத்த இடமெல்லாம் விரிஞ்சு அந்த இடம் மட்டும் விரியலைன்னா, இந்தப் படத்தைக் குப்பையில போடணும்."

லோவ்ரே கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு அரை மணி நேரம் தரேன். அதுக்கு மேல கேக்காதே. உன் அண்ணன்னு ஆனதுலேர்ந்து நீ நிழலைப் பார்த்தாலும் பேயிங்கறே."

மறுநாள் யூகோ காற்று அடித்தது. தெற்கிலிருந்து அது அடிக்கும் நாளில் கரை ஊரில் எல்லோருக்கும் தலை வலிக்கும், எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுவார்கள். வின்காவும் காலையிலேயே இரண்டு பேரிடம் சண்டை போட்டிருந்தாள். மூச்சு ஏறி இறங்குவதை அளக்க மார்பில் கட்டும் பட்டை கெட்டுப்போய்ப் பல மாதமாகிறது. புதிது கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

மூச்சுச் சோதனைக்கு முன்னால் எல்லோருக்கும் அவள் ஒரு பாடம் படிப்பாள். ஆழமாக இழுக்காதீர்கள், முன்கூட்டி வேகமாக மூச்சு விடாதீர்கள், எப்போதும்போல விட்டுக்கொண்டிருந்து நான் சொன்னதும் அப்படியே நிறுத்துங்கள். தட்டச்சுக்காரி வந்தாலும் பாதிரியார் வந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் சொல்வாள். ஜெரோலிமிடம் சொல்லத் தொடங்கினாள்.

"அண்ணா, மூச்சை எப்படிப் பிடிக்கணும்னா..."

ஜெரோலிம் பலகையில் படுத்தபடியே தலையைத் திருப்பினார். "யாருக்கு? எனக்கா?" என்றார். "பெரினா, இங்கே வந்து கேளு. என் சித்தப்பா பொண்ணு எனக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லித்தரா. இவ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் கடலுக்கடியில குடித்தனம் பண்ணினவன். வின்கா, உன் அப்பன் கேட்டிருந்தா உன்னைத் தீவை விட்டே தள்ளி வெச்சிருப்பான்டி."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வின்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. க்ராபன்காரனுக்கு மூச்சைப் பற்றிச் சொல்வது மரியாதை இல்லாத காரியம். அது அவள் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. வெளியூர்க்காரி யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடத்தை முழுதாகப் படித்து முடித்திருப்பாள். இவள் முடிக்கவில்லை.

"சரி சாமி, உனக்கு நான் எதுவும் சொல்லலை," என்றாள். "நான் பிடின்னா பிடி. விடுன்னா விடு. நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது, அவ்வளவுதான்."

"நீ சொல்ல மறந்துட்டுக் காபி குடிக்கப் போயிட்டாலும் விடமாட்டேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் மெஷினுக்குள் கிடப்பவரின் பாதங்கள்தான் தெரியும். வின்கா ஒலிபெருக்கியில் பிடி என்றாள், விடு என்றாள். பல தடவை சொன்னாள். பாதங்கள் அசையவே இல்லை. வெளியே வந்ததும் ஜெரோலிம், "இவ்வளவுதானா? நான் இன்னும் மூணு மடங்கு இருந்திருப்பேன்," என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

படம் குப்பையாக இருந்தது. இடது பக்கம் விரியவில்லை. சரி. ஆனால் வலது பக்கமும் விரியவில்லை, பின்பக்கமும் விரியவில்லை. மூளை முழுக்க எங்குமே ஏறவேண்டிய நேரத்தில் ரத்தம் ஏறவில்லை, கண்ட இடத்தில் இறங்கியிருந்தது. வின்கா கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். மெஷினைச் சந்தேகப்பட்டாள், தன்னைச் சந்தேகப்பட்டாள், காற்றைக்கூடச் சந்தேகப்பட்டாள். மூச்சைப் பிடிக்கத் தெரியாத ஆட்களுக்குத்தான் படம் இப்படி வரும். உள்ளே படுத்திருந்தவரோ க்ராபன்காரர். ஆகவே அந்தக் காரணத்தை அவள் முதலிலேயே அடித்துவிட்டாள்.

"இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கறேன் ப்ரொஃபசர்."

"நல்லா இருக்கற பக்கத்துலயே வேலை செய்யாத சோதனை, கெட்ட பக்கத்தைப் பத்தி என்ன சொல்லிடப் போகுது?" என்றார் லோவ்ரே. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். "மெஷின் இன்னிக்கு முழுக்க வேற ஆளுங்களுக்கு. திருநாள் முடிஞ்சு வான்னு அனுப்பவா? அதுக்குள்ள இன்னொரு வலிப்பு வந்தா நீ பொறுப்பா? என்கிட்டே நல்ல படம் ஒண்ணு இருக்கு, உன்கிட்டே உருப்படாத படம் ஒண்ணு இருக்கு. நல்ல படத்தை நம்பலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

நம்பக் கூடாது என்பதற்கு அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. நம்பலாம் என்பதற்கும் இல்லை, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. அண்ணன் பேச்சு பத்திரமாக வலது பக்கம் குடியேறிவிட்டது என்று நம்ப அவளுக்கே கொள்ளை ஆசையாக இருந்தது. தலை வேறு விண்விண் என்று தெறித்தது.

"நம்பலாம்," என்றாள்.

அறுவைசிகிச்சை அன்று காலை பெரினாவும் வின்காவும் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரினா அழவில்லை. கூடையைத் திறந்து, வருகிற போகிற எல்லோருக்கும் அத்திப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வின்காவுக்கும் ஒன்றை உரித்துக் கையில் வைத்தாள்.

"உள்ளே போறப்போ என்ன சொன்னாரு தெரியுமா? டாக்டர்கிட்டே, என் வாயை மட்டும் விட்டுடுங்க, மீதி எல்லாம் பழசுதான்னாரு," என்றாள். "ஆமா, கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு மூச்சை நல்லாப் பிடிச்சாரில்ல?"

"பிடிச்சாரு அண்ணி."

"உன் முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னு சோதனைக்கு முதல் நாள் ராத்திரியெல்லாம் அதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் நீ பிடின்னு சொல்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாராம். முங்கறதுக்கு முன்னாடி படகு விளிம்புல உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுவாங்களே, அந்த மாதிரி. அவங்கப்பா கத்துக்கொடுத்தபடி அப்படியே பண்ணினேன், வின்கா அசந்துபோயிருப்பான்னாரு."

அத்திப்பழம் வின்காவின் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

க்ராபனில் சின்னக் குழந்தைக்கும் தெரியும் அந்த மூச்சு. முங்குவதற்கு முன் வேக வேகமாக ஆழமாக இழுத்து விட்டால் உள்ளே இருக்கிற கரியமில வாயு எல்லாம் வெளியே போய்விடும். அது மறுபடி சேர்ந்து உடம்பைத் தவிக்கவைக்கும்வரை நீருக்கடியில் நிம்மதியாக இருக்கலாம். முங்குகிறவர்களின் சூட்சுமமே அதுதான். குழாய்களை விரியவைப்பதும் அதே வாயுதான். அதை முன்கூட்டியே துரத்திவிட்டு மூச்சைப் பிடித்தால் எந்தக் குழாய் எதற்காக விரியும்? சோதனை பொய் சொல்லவில்லை. ஜெரோலிம் தன் உயிரைக் கொடுத்து அதை நன்றாகச் செய்திருந்தார், அதனாலேயே அது கெட்டுப்போனது. அவளுக்கு அந்த மூச்சும் தெரியும், இந்தக் கணக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் துப்பில்லாமல் போயிற்று.

அறுவைசிகிச்சை அறைக்குப் போன் போட்டாள். நர்ஸ் அதை லோவ்ரேயின் காதருகே பிடித்தாள்.

"ப்ரொஃபசர், நிறுத்துங்க. அந்த மூச்சுச் சோதனை கெட்டதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. அதைச் சரியா பண்ணிப் பார்க்காம அந்தப் படத்தை நம்பக் கூடாது. அவரை எழுப்பி..."

"எடுத்தாச்சு வின்கா," என்றார் லோவ்ரே. குரலில் சந்தோஷம் இருந்தது. "முழுசா வந்துடுச்சு. ஓரமெல்லாம் அவ்வளவு சுத்தம். வீட்டுக்காரம்மாகிட்டே நல்ல சேதி சொல்லிடு."

அவள் சொன்னாள். கட்டி முழுதாகப் போய்விட்டது என்று சொன்னாள். அது உண்மைதானே. பெரினா அவளைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

ஜெரோலிம் கண் விழித்தார். எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டார். கையை அசைக்கச் சொன்னால் அசைத்தார்; வலது கைதான் கொஞ்சம் சோர்ந்திருந்தது. பேர் என்ன என்று கேட்டார்கள். வாயைத் திறந்தார், முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் "ஆமா," என்றார்.

எங்கே இருக்கிறீர்கள் என்றார்கள். "ஆமா." வலிக்கிறதா? "ஆமா." தண்ணீர் வேண்டாமா? "ஆமா." அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. வீக்கம் வடிந்தால் வந்துவிடும் என்றார்கள். வீக்கம் வடிந்தது. பயிற்சி கொடுத்தால் வந்துவிடும் என்றார்கள். லோவ்ரே மாதா திருநாளுக்குப் படகில் போய்விட்டுக் கறுத்துத் திரும்பினார். உயிர் பிழைத்ததே பெரிது, ஏதோ ஒரு குழாய் அடைத்திருக்கும், யாரால் தடுக்க முடியும் என்றார். வின்கா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "இதை எதுக்கு அவங்ககிட்டே சொல்லிக்கிட்டு?" என்று மட்டும் கேட்டார். அக்டோபரில் ஏதோ ஒரு கூட்டத்தில் கட்டி எடுத்த படத்தைக் காட்டிக் கைதட்டல்கூட வாங்கினார். பேச்சு வீடு மாறிய படம் அதில் இல்லை.

நவம்பரில் வின்கா தீவுக்குப் போனாள். ஜெரோலிமின் படகு கவிழ்த்துப் போட்டிருந்தது. அவர் அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெரினா பழச்சாராயமான ராக்கியாவை ஊற்றி வைத்தாள், பேசிக்கொண்டே இருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் அவளுக்குப் பேச இடமே கிடைத்ததில்லை. இப்போது வீடு முழுக்க அவள் குரல்தான். கொஞ்ச நேரம்கூட அவளால் நிறுத்த முடியவில்லை.

வின்கா கோப்பையைத் தொடவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னாள். மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்தியதைச் சொன்னாள். அவர் முங்குகிறவனைப்போல மூச்சை இழுத்து விட்டதால் குழாய்கள் விரியாமல் போனதைச் சொன்னாள். நம்பலாம் என்று தன் வாயால் சொன்னதையும் சொன்னாள். பெரினாவின் பேச்சு நின்றுபோனது.

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கு அண்ணா," என்றாள். "நான்தான் ஆளில்லைன்னு சொல்லிட்டேன். என்னாலதானே உனக்கு இப்படி ஆச்சு?"

"ஆமா," என்றார் ஜெரோலிம்.

பெரினா பதறிப்போய் வின்காவின் கையைப் பிடித்தாள். "அவரு எல்லாத்துக்கும் அதைத்தானே சொல்றாரு. மழை பெய்யுதான்னாலும் ஆமா, பெய்யலையான்னாலும் ஆமா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. அவருக்கு என்ன புரிஞ்சுது, பாவம்."

ஜெரோலிம் இடது கையால் மேஜையில் ஓங்கி அறைந்தார். ராக்கியா சிந்தியது. இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சை விரித்து வேக வேகமாக, ஆழமாக இழுத்து விட்டார். படகு விளிம்பில் உட்கார்ந்து இழுக்கிற அதே மூச்சு. பிறகு நிறுத்திவிட்டு, இடது கைச் சுட்டுவிரலை வின்காவின் முகத்துக்கு நேரே ஆட்டினார். இப்படி இல்லை என்பதுபோல. கொஞ்ச நேரம் சாதாரணமாக, வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதன் மூச்சு விடுவதுபோல விட்டார். அப்புறம் வாயை மூடி, அவளையே பார்த்துக்கொண்டு, மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஒன்றுவிடாமல் புரிந்திருந்தது. அவர் சொன்ன ஆமா வாய் தவறி வந்த ஆமா இல்லை.

பெரினா ஒன்றும் விளங்காமல் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் முகம் மெல்லச் சிவந்தது. கண்ணை எடுக்கவில்லை. அவள் சொல்கிறவரைக்கும் விடக்கூடாது என்பது பேச்சு. அவர் நெற்றியில் நரம்பு எழும்பியது. அப்போதும் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லேன்டி, என்ன சொல்லணுமோ அதைச் சொல்லித் தொலையேன்," என்றாள் பெரினா.

"விடு அண்ணா," என்றாள் வின்கா.

அவர் விட்டார். சிந்திய ராக்கியாவை பெரினா துணி கொண்டுவந்து துடைத்தாள்.